மூன்று உரப்பை மண்: கரிந்த விதையா, உமியின் சிலிக்காவா, மகரந்தமா?

ஆவணி மாதம், சிறுபோக அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம். அக்காவின் மகள் மூன்று உரப்பைகளோடு ஓட்டோவில் வந்து இறங்கினாள். ஒவ்வொரு பையும் இறுக்கிக் கட்டப்பட்டு, உள்ளே ஒரு சீட்டும் வெளியே ஒரு சீட்டுமாக இருந்தது. தம்பலகாமத்திலும் மூதூரிலும் முப்பது வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன் நான். என் வீட்டுக்குப் பையில் மண் வந்தால், எந்த உரம் எவ்வளவு போடலாம் என்று கேட்டுத்தான் வரும். இது அந்த மண் இல்லை. வயலோரத்து மேடு ஒன்றில், உரிய அனுமதியோடு நடந்த சிறிய அகழ்வில், பழைய அடுப்படியிலிருந்தும் குப்பைக் குழியிலிருந்தும் அள்ளிய மண்.

அவளுடைய கேள்வி இதுதான். இந்தப் பக்கத்தில் பழங்காலத்து மக்கள் நெல்லை எப்படி விளைவித்தார்கள்? காட்டை வெட்டி எரித்த சேனையிலா, வரம்பு கட்டி நீர் நிறுத்திய வயலிலா? இதற்குப் பதில் சொல்லக்கூடிய தாவர எச்சங்கள் மண்ணில் நான்கு வகையாகக் கிடக்கலாம்: கரிந்த விதைகள், பைட்டோலித் எனப்படும் நுண்ணிய சிலிக்காத் துணுக்குகள், மகரந்தம், மாப்பொருள் மணிகள். நான்கையும் பார்க்கப் பணமும் இல்லை, காலமும் இல்லை. அடுத்த சித்திரைக்குள் ஆய்வை எழுதி முடிக்க வேண்டும். ஏதாவது ஒன்றைத் தெரிவு செய்துகொண்டு வரும்படி மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். "மாமா, நீங்களாக இருந்தால் எதை எடுப்பீர்கள்?" என்று கேட்டாள்.

நான் தொல்லியல் படித்தவன் அல்ல. ஆனால் நெல்லையும் களையையும் படித்தவன். அவள் தந்த கட்டுரைகளை மூன்று கிழமையாக வாசித்தேன். இருவரும் விறாந்தையில் இருந்து வாதாடினோம். அந்த வாதத்தின் முடிவைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் நிற்கிற வேறு பிள்ளைகளுக்கும் உதவக்கூடும்.

நெல் இங்கே பழையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அநுராதபுரத்தை அகழ்ந்த சிரான் தெரணியகல, கி.மு. 900 அளவிலேயே அங்கே இரும்பும் குதிரையும் வளர்ப்பு மாடும் நெற்செய்கையும் இருந்ததாக எழுதினார். கடலுக்கு அப்பால், பழனிக்கு அருகே பொருந்தலில் கா. ராஜன் அகழ்ந்த ஈமச்சின்னத்தில் இருந்த நெல்லுக்குக் கி.மு. 490, 450 என்ற காலங்கள் கிடைத்தன. சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் நெல் இருந்தது என்பது வேறு, அது எப்படி விளைந்தது என்பது வேறு. தாழிக்குள் மரியாதையாக வைத்த நெல், தான் வளர்ந்த வயலைப் பற்றி வாய் திறக்காது. வயலைப் பற்றிப் பேசுவது நெல்லோடு சேர்ந்து வந்த குப்பைதான். உமி, சப்பி, வைக்கோல் துணுக்கு, களை விதை. ஆகவே எந்த முறையை எடுத்தாலும், அது குப்பையைக் காட்டுகிறதா என்பதே என் அளவுகோலாக இருந்தது.

மகரந்தத்தை முதலில் தள்ளினோம்

அவளுக்கு மகரந்தத்தின் மீதுதான் ஆசை. ஒரு குழாயைச் சேற்றில் இறக்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் காட்டையும் வெளியையும் ஒரே தண்டாக உருவி எடுப்பதில் ஒரு கவர்ச்சி இருக்கத்தான் செய்கிறது. இலங்கையில் இதற்குப் பேர்போன இடம் ஹோர்ட்டன் சமவெளி. இரண்டாயிரம் மீற்றருக்கு மேலே, குளிர்ந்த, காற்றுப் புகாத முற்றா நிலக்கரிச் சேற்றில் மகரந்தம் அழியாமல் இருக்கிறது. ரத்னசிறி பிரேமதிலக அங்கே செய்த ஆய்வில், ஏறத்தாழ 17,500 ஆண்டுகளுக்கு முன்பே வாற்கோதுமையும் ஓட்ஸும் பராமரிக்கப்பட்டதற்கான அறிகுறி உண்டு என்று சொல்லப்பட்டது. அது இன்றுவரை விவாதத்துக்குரிய முடிவு. காரணம் எளிது. புல் குடும்பத்தின் மகரந்தம் எல்லாம் ஒரே சாயல். வழவழவென்ற உருண்டை, ஒரு துளை, அவ்வளவுதான். பெரிதாக இருந்தால் தானியம், சிறிதாக இருந்தால் காட்டுப்புல் என்று பொதுவாகப் பிரிப்பார்கள். ஆனால் பெரிய மகரந்தம் உள்ள காட்டுப்புல்லும் இருக்கிறது. நெல்லின் மகரந்தமோ அந்த எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது.

அதோடு எங்கள் நிலமும் ஹோர்ட்டன் சமவெளி அல்ல. மூதூர்ப் பக்கத்துக் குளங்கள் வருடம்தோறும் வைகாசி முதல் புரட்டாதி வரை வற்றி வெடிக்கின்றன. நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து கிடக்கும் மண்ணில் மகரந்தம் தங்காது. அடிக்கடி தூர் வாரப்படும் குளத்தில் மண் அடுக்கே ஒழுங்காக இராது. கழிமுகங்களில் தேடலாம் என்றால் அது வேறு ஆய்வு, வேறு படகு, வேறு பணம். ஆய்வுகூடத்தில் மண்ணின் சிலிக்காவைக் கரைக்க ஐதரோபுளோரிக் அமிலம் வேண்டும். தோலில் பட்டால் எலும்பு வரை போகும் அமிலம் அது. மகரந்தம் ஒரு பிரதேசத்தின் கதையைச் சொல்லும், ஒரு வீட்டு அடுப்பின் கதையைச் சொல்லாது. அவளிடம் இருப்பது அடுப்பு மண்.

மாப்பொருள் மணிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரைத்த கல்லின் துளைகளில், பானையின் அடியில், பல்லின் காரையில் ஒட்டியிருக்கும் மாவுத் துகள்களை நுணுக்குக்காட்டியில் பார்ப்பது இந்த முறை. வள்ளிக்கிழங்கு, சேம்பு போன்ற, விதையால் அடையாளம் காணமுடியாத பயிர்களுக்கு இதைவிட நல்ல வழி குறைவு. நியூகினியின் குக் சேற்று நிலத்தில் கற்கருவிகளில் சேம்பின் மாப்பொருள் இப்படித்தான் அகப்பட்டது. ஆனால் இவளிடம் கல் இல்லை, மண்தான் இருக்கிறது. போதாததற்கு எங்கள் வீட்டில் ஒருநாள் பிட்டு, மறுநாள் இடியப்பம். காற்றிலேயே அரிசிமா பறக்கிறது. இந்த வீட்டில் வைத்துப் பையைத் திறந்த மண்ணில் நான் மாப்பொருள் தேடமாட்டேன்.

பழைய மரபணுவைப் பார்க்கலாமே என்று அவளுடைய தோழி ஒருத்தி கேட்டாளாம். இந்த வெப்பத்திலும் ஈரத்திலும், அதுவும் கரியாகிப்போன விதையில் மரபணுவைத் தேடுவது பணத்தைக் கடலில் போடுவதற்குச் சமம்.

உமிக்கரி தெரிந்தவர்களுக்கு பைட்டோலித் விளங்கும்

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். இங்கேதான் எங்களுக்கு இரண்டு கிழமை போனது.

உமிக்கரியால் பல் துலக்கியவர்களுக்கு ஈறில் ஒரு கரகரப்பு நினைவிருக்கும். அந்தக் கரகரப்பில் பெரும்பகுதி சிலிக்கா. நெற்பயிர் வேரால் நீரோடு சிலிக்காவையும் உறிஞ்சி, இலையிலும் உமியிலும் உயிரணுக்களின் வடிவத்திலேயே அச்சு வார்த்ததுபோலப் படியவிடுகிறது. பயிர் அழுகினாலும் எரிந்தாலும் மாடு தின்று சாணமாகப் போட்டாலும் அந்த அச்சு மண்ணில் தங்கும். உமியின் அச்சுக்கு இரண்டு கொம்பு. இலையின் விசிறி வடிவ அச்சின் ஓரத்தில் மீன் செதில்போல வரிகள். அந்தச் செதில் ஒன்பதும் அதற்கு மேலும் இருக்கும் விசிறிகள் கூடினால் வளர்ப்பு நெல்லாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று சீனத்து ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கீழ் யாங்சி நதிப் பக்கத்து ஷாங்ஷானில் நெல்லின் தொடக்கத்தை ஏறத்தாழ 9,400 ஆண்டுகளுக்குக் கொண்டுபோனது இந்தத் துணுக்குகள்தான். 2017இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

இவளுடைய கேள்விக்கு பைட்டோலித் நேரடியாகப் பதில் சொல்லக்கூடியது என்பதையும் மறைக்கக்கூடாது. புல் இனங்களில் சில உயிரணுக்கள் எந்த நிலத்திலும் சிலிக்காவைச் சேர்க்கும். வேறு சில, நீர் தாராளமாகக் கிடைத்தால் மட்டுமே கூடுதலாகச் சேர்க்கும். இரண்டுக்கும் இடையிலான விகிதத்தைப் பார்த்து, நீர் கட்டிய வயலா மழையை நம்பிய மேட்டுநிலமா என்று மதிப்பிடுகிறார்கள். கைப்பிடி மண்கூடத் தேவையில்லை, சில கிராம் போதும். கரி தூளாகிப்போன இடத்திலும் பைட்டோலித் இருக்கும். வாழை வேண்டுமென்றால் அதற்கும் எரிமலை வாய்போன்ற தனி வடிவம் உண்டு. விதையில்லாத வாழையைக் காட்ட வேறு எந்த முறையால் முடியும்?

இவ்வளவும் கேட்டபின் நானே ஒருநாள் பைட்டோலித் பக்கம் சாய்ந்துவிட்டேன். பிறகு ஆய்வுகூடத் தேவைகளை ஒவ்வொன்றாக எழுதினோம். 500 பாகை செல்சியசுக்குச் சூடேறும் உலை, மையநீக்கி, களியைப் பிரிக்க நாள்கணக்கில் தெளியவைத்தல், சிலிக்காவை மட்டும் மிதக்கவிடுவதற்கான அடர்த்தி கூடிய திரவம், 400 மடங்கு பெருக்கும் நல்ல நுணுக்குக்காட்டி. ஒவ்வொரு வில்லையிலும் முந்நூறு துணுக்காவது எண்ணவேண்டும். இவை எல்லாம் கிடைக்கலாம். ஆனால் அந்த வடிவங்களைப் பார்த்தவுடன் சொல்லக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருந்து ஆறு மாதம் பழக்க வேண்டும். சித்திரைக்குள் அது நடக்காது.

இன்னொரு தடை மண்ணிலேயே இருக்கிறது. காரத்தன்மை கூடிய மண்ணில் பைட்டோலித் கரையும். கடலோரத்தில் சிப்பியும் முருகைக்கல்லும் கலந்த மேடுகளில் இந்த முறையை நம்பி இறங்கவே கூடாது. இவளுடைய மூன்று பையையும் பிஎச் தாள் வைத்துப் பார்த்தேன். இரண்டு நடுநிலைக்கு அருகே இருந்தன. மூன்றாவதில் சிப்பித் தூள் கலந்திருந்தது, தாள் காரப்பக்கம் போனது. மூன்றில் ஒன்று இப்படியே கழிந்துவிட்டது.

கரிந்த விதையும் அரிக்கன் சட்டியும்

எங்கள் வீட்டுப் பெண்கள் அரிசியை அரிக்கன் சட்டியில் போட்டு நீர் ஊற்றி அலசுவார்கள். கல் அடியில் தங்கும், அரிசி மேலே வரும். கரிந்த விதையைப் பிரிப்பதும் அதே வேலைதான். மண்ணை நீரில் கரைத்தால் களியும் கல்லும் கீழே போகும், கரி மிதக்கும். மிதப்பதை நுண்ணிய வலையில் வடித்து நிழலில் காயவிட வேண்டும். உலகத்தில் இதை அகழ்வுக் களங்களில் முறையாகச் செய்யத் தொடங்கியதே 1960களில்தான். அதற்குமுன் கண்ணில் பட்ட பெரிய விதையை மட்டும் பொறுக்கினார்கள். அதனால் கோதுமையும் நெல்லும் பெரும் பயிர்களாகத் தெரிந்தன, சிறுதானியங்கள் காணாமற்போயின. தென்னிந்தியாவில் சங்கனகல்லு, ஹள்ளூர் போன்ற புதிய கற்கால இடங்களின் மண்ணை நீரில் கரைத்துப் பார்த்த பிறகுதான், அங்கே முதலில் விளைந்தவை நெல்லல்ல, கொள்ளும் பயறும் சிறுதானியங்களும் என்று தெளிவாகத் தெரிந்தது. பழைய கதையை மாற்றியது ஒரு வாளி தண்ணீர்.

எங்கள் தீவிலும் இந்த முறை பலன் தந்திருக்கிறது. கித்துல்கலைக்கு அருகே பெலிலென குகையில் எம். டி. கஜலே கரிந்த எச்சங்களைப் பார்த்துக் காட்டு வாழை, காட்டுப்பலா, கெக்குணக் கொட்டை என்று வேட்டைக்காலத்து உணவைப் பட்டியலிட்டார். மன்னாரில் மாந்தைத் துறைமுகத்தில் 2009–2010 அகழ்வின் மண்ணிலிருந்து எடுத்த விதைகளைப் பற்றிய கட்டுரை 2018இல் வந்தது. கி.பி. 900–1100 காலத்து ஒரேயொரு கராம்பு அதில் உண்டு. ஏறத்தாழ 7,000 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மலுக்கு தீவுகளிலிருந்து வந்தது. கி.பி. 600–700 காலத்து மிளகும் உண்டு. செய்தித்தாள்கள் கராம்பையே கொண்டாடின. எனக்குப் பிடித்தது வேறு. அந்தத் துறைமுகத்துக் குப்பையில் மிக அதிகமாகக் கிடந்தது நெல். கப்பல்காரனுக்கும் கடைக்காரனுக்கும் மதியச் சாப்பாடு சோறுதான்.

இனி குப்பைக்கு வருவோம். கரிந்த நெல்மணியைவிட மதிப்புள்ளது அதன் அடிக்காம்பு. ஒரு மில்லிமீற்றர்கூட இருக்காது. காட்டு நெல் முற்றியதும் தானே உதிரும், அதனால் கழன்ற இடம் மழமழவென்று வட்டமாக இருக்கும். வளர்ப்பு நெல் தானாக உதிராது. சூடடித்துத்தான் பிரிக்க வேண்டும், எனவே பிய்ந்த இடம் கரடுமுரடாக, நடுவில் குழியோடு நிற்கும். சீனத்தின் தியான்லுவோஷானில் இந்த அடிக்காம்புகளை எண்ணினார்கள். 6,900 முதல் 6,600 ஆண்டுகளுக்கு முன்பு வரையான காலத்தில், உதிராத வகை 27 சதவீதத்திலிருந்து 39 சதவீதமாக உயர்ந்திருந்தது. அதே காலத்தில் வயற்களைகளும் பெருகின. முந்நூறு வருடத்தில் பன்னிரண்டு புள்ளி மட்டுமே. மனிதன் நெல்லை ஒரே நாளில் பழக்கவில்லை என்பதைக் கண்ணால் எண்ணிச் சொன்ன கணக்கு அது.

இந்தத் தழும்பைப் பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குளத்தோரத்துக் காட்டு நெல்லையும் வயலுக்குள் புகுந்துவிட்ட களை நெல்லையும் வருடக்கணக்காகக் கைவில்லையில் பார்த்தவன். கதிரைத் தொட்டால் கையில் கொட்டும் நெல்லை விவசாயி வசைபாடுவான், நான் குனிந்து காம்பைப் பார்ப்பேன். வேலைக்காலத்தில் சேர்த்த களை விதைகள் இருபத்தேழு போத்தலில் இன்னும் அலுமாரியில் இருக்கின்றன. ஓய்வு பெற்ற அன்றே அவற்றை எறியச் சொன்னார் மனைவி. இப்போது அந்தப் போத்தல்களைத்தான் அக்காவின் மகள் ஒவ்வொன்றாகத் திறந்து கரியாக்கிப் படம் எடுக்கிறாள். பைட்டோலித்துக்கு வேண்டிய அனுபவம் எங்கள் ஊரில் இல்லை. விதைக்கு வேண்டிய அனுபவம் ஒவ்வொரு களத்துமேட்டிலும் இருக்கிறது. என் முடிவை நிர்ணயித்தது கட்டுரைகளைவிட இந்த ஒரு உண்மைதான்.

முடிவெடுக்குமுன் பரிசோதித்தோம். பழைய பிஸ்கட் தகரத்தில் மணல் நிரப்பி, நெல், குரக்கன், பயறு, எள் எல்லாவற்றையும் புதைத்து விறகடுப்பில் வைத்தோம். நெல் உமியோடு கரிந்து அப்படியே வந்தது, சிலது மட்டும் பொரிந்து ஊதியது. பயறு இரண்டாகப் பிளந்தது. எள் எண்ணெய் கக்கி ஒன்றோடொன்று ஒட்டித் தார்க்கட்டி ஆனது. எனவே அகழ்வில் எள் கிடைக்கவில்லை என்றால் எள் விளையவில்லை என்று எழுதிவிடக்கூடாது. குரக்கன்தான் எங்களை ஏமாற்றியது. கரிந்த பிறகு வேறு சிறுதானியங்களோடு கலந்தால் பிரித்தறியக் கண் வலித்தது. குரக்கன் ஆபிரிக்காவிலிருந்து வந்த பயிர். இந்தியாவில் மிகப் பழைய குரக்கன் என்று முன்னர் சொல்லப்பட்ட சிலவற்றை மறுபடி ஆராய்ந்தபோது அவை வேறு சிறுதானியங்களாக முடிந்தன. அந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்று என் சமையலறையிலேயே விளங்கிவிட்டது.

வலை விடயத்தில் பணம் மிச்சம் பிடிக்க நினைத்தேன். நுளம்பு வலை போதும் என்றேன். கரித்த புகையிலை விதை நூற்றை எண்ணி மண்ணில் கலந்து கழுவினோம். புகையிலை அமெரிக்கப் பயிர், பழைய மண்ணில் இருக்கவே முடியாது. ஆகவே எத்தனை திரும்பி வருகிறது என்று பார்த்தால் முறையின் நேர்மை தெரியும். நுளம்பு வலையில் ஒன்றும் நிற்கவில்லை. கால் மில்லிமீற்றர் கண்ணுள்ள வலையைக் கொழும்பிலிருந்து வரவழைத்தபின் பெரும்பகுதி திரும்பி வந்தது. கோரை விதையும் நெல் அடிக்காம்பும் அந்த நுளம்பு வலையால்தான் போயிருக்கும், நாங்களும் "களை இல்லை" என்று எழுதியிருப்போம்.

மூதூர்க் களிமண் லேசில் கரைவதில்லை. அப்பச்சோடா கலந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்ததும் வழிக்கு வந்தது. என் அவசரத்தால் ஒரு நட்டமும் நேர்ந்தது. முதல் பையின் பாதியைக் கழுவிய அதே தண்ணீரில் இரண்டாம் பையின் ஒரு வாளி மண்ணைப் போட்டுவிட்டேன். எந்த விதை எந்தப் பையுடையது என்று சொல்ல இனி வழியில்லை. அந்த வாளியின் விளைச்சலை முழுவதும் ஒதுக்க வேண்டியதாயிற்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

விதையின் பொய்கள்

கரிந்த விதையை நான் தெரிவு செய்தேன் என்பதால் அதற்குக் குறையில்லை என்று ஆகாது. முதலாவது, நெருப்பில் விழுந்தது மட்டும்தான் அதில் மிஞ்சும். உமி எரிபொருளாகப் போகும், நெல் அவிக்கும்போது சிந்தும். ஆகவே நெல்லுக்கு நிறைய வாய்ப்பு. வள்ளிக்கிழங்குக்கும் விதையில்லாத வாழைக்கும் கீரைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. கரிந்த விதையை மட்டும் பார்ப்பவர் பழைய மக்கள் சோறும் பயறும் மட்டும் தின்றார்கள் என்றுதான் எழுதுவார்.

இரண்டாவது இங்கேயே பிறந்த தொல்லை. அறுவடை முடிந்ததும் எங்கள் விவசாயிகள் வைக்கோலை வயலிலேயே கொளுத்துகிறார்கள். கொளுத்தாதீர்கள், மண்ணுக்கு இடுங்கள் என்று முப்பது வருடம் தொண்டை வறண்டேன், கேட்டவர்கள் சிலர். அந்த வைக்கோலில் தங்கிய நெல்லும் கரிந்து, எலி வளையாலும் வெடிப்பாலும் கீழே இறங்கலாம். கரிந்துவிட்டது என்பதற்காக அது பழையது ஆகிவிடாது. கரியாத விதை இந்த மண்ணில் கிடைத்தால் அது நிச்சயம் புதியது, எறும்போ காற்றோ கொண்டுவந்தது. அதைத் தள்ளிவிடலாம். கரிந்ததைத் தள்ள முடியாது, காலம் கணிக்கத்தான் வேண்டும். முடுக்கித் திணிவு நிறமாலைமானியால் கதிரியக்கக் காபனை அளக்கும் முறை வந்தபின் ஒரு நெல்மணியே போதும். ஆனால் அந்த மணி அழிந்துவிடும், செலவும் ஒரு மணிக்குப் பல நூறு டொலர். எனவே இரண்டே மணிகள். அனுப்புமுன் அளந்து, எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பத் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை விதை கிடைக்குமுன்பே தொடங்கச் சொன்னேன்.

மூன்றாவது, கோரை. நீர் நின்ற வயலின் களை கோரை என்பது பாடம். கோரை விதை நிறைய வந்தால் வயல், வேறு களை வந்தால் சேனை என்று சொல்லலாம். ஆனால் கிழக்கில் நீர்நிலைப் புல்லில் பாய் இழைப்பதும் பழக்கம். எரிந்துபோன ஒரு பாய் அடுப்புக் குப்பையில் விழுந்திருந்தால் கணக்கு முழுவதும் தலைகீழாகும். மாட்டுச் சாணத்திலும் களை விதை வரும். ஆகவே தனிக் கோரையை நம்பாமல், நெல் அடிக்காம்போடும் சப்பியோடும் ஒரே குழியில் சேர்ந்து வருகிற கோரையை மட்டும் எண்ணச் சொன்னேன். இதற்கு அவள் முதலில் உடன்படவில்லை, மாதிரி குறைந்துவிடும் என்றாள். குறையட்டும்.

அகழ அனுமதியே கிடைக்காத மாணவருக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஏற்கெனவே அகழ்ந்து களஞ்சியத்தில் இருக்கும் பானை ஓட்டிலும் செங்கல்லிலும் உமி பதிந்த தடங்களைப் பார்க்கலாம். களியோடு உமி கலந்து பிசைவது பழைய வழக்கம். நீர் தேவையில்லை, அமிலம் தேவையில்லை, கைவில்லையும் பொறுமையும் போதும். எண்ணிக்கை வராது, களை வராது, நெல் உண்டு என்ற ஒரு வரிதான் வரும். களஞ்சியத்தில் அனுமதி பெற்றுப் பார்க்க வேண்டும். கோவில் இடிபாட்டிலோ பழைய மேட்டிலோ தானே போய்ப் பொறுக்கக்கூடாது, அது சட்டப்படி குற்றம். இந்த மாவட்டத்தில் பழைய செங்கல் ஒன்றைக் கையில் எடுத்தாலே அது யாருடையது என்ற வழக்கு தொடங்கிவிடும். கரிந்த உமியில் இதுவரை யாரும் உரிமை கோரவில்லை என்பது இந்த ஆய்வின் சிறிய நிம்மதி.

கடைசியில் முடிவானது இது. மூன்று பையும் நீரில் கழுவப்படும், கரிந்த விதையும் அடிக்காம்பும் களையும் எண்ணப்படும், பணத்தின் பெரும்பகுதி இரண்டு மணிகளின் காலக் கணிப்புக்குப் போகும். ஆனால் கழுவுமுன் ஒவ்வொரு பையிலிருந்தும் இரண்டு மேசைக்கரண்டி மண்ணைக் காயவைத்து, புதுப் பொலித்தீன் பையில் இட்டு, சீட்டெழுதி மூடி வைத்தாயிற்று. கழுவிய மண்ணில் பைட்டோலித் தேட முடியாது, எடுத்து வைத்த மண்ணில் எப்போது வேண்டுமானாலும் தேடலாம். உலையும் பழக்கித்தர ஆளும் கிடைக்கும் அன்று, சிப்பி கலக்காத இரண்டு பைகளும் வயலா சேனையா என்பதற்கு இரண்டாவது பதிலைச் சொல்லும். கேள்வி நெல்லாக இல்லாமல் வாழையாக இருந்திருந்தால் நான் விதையைத் தொட்டிருக்கவே மாட்டேன், முதல் நாளே பைட்டோலித்துக்கு ஆள் தேடச் சொல்லியிருப்பேன்.

முதல் பை முடிந்துவிட்டது. அதிலிருந்து வந்தது ஒரு தேநீர்க் கோப்பை கரி. அதில் பெரும்பகுதி விறகு. நெல் அடிக்காம்பு என்று இருவரும் ஒப்புக்கொண்டவை பதினொன்று. பன்னிரண்டாவதைப் பற்றி இன்னும் தகராறு. அவள் கரடுமுரடு என்கிறாள், எனக்கு மழமழப்பாகத் தெரிகிறது. சனிக்கிழமை இரண்டாம் பை. பீப்பாவைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை தொடங்குமுன் மூன்றாவதையும் காயவைத்து எடுத்தாக வேண்டும். ஈரக்காற்றில் கரி காய நாலு நாள் பிடிக்கிறது, வெயிலில் வைத்தாலோ வெடித்துவிடுகிறது.